துரிஞ்சில்களை உள்ளே வைத்து அடைக்காதீர்கள்: குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும், அவர்கள் அழைத்து வரும் பூச்சி மருந்துக் குழுவினருக்கும்,

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தோம். கூரையோர இடுக்குகளில் மருந்து அடிப்பது, அன்றைக்கே நுரை பீய்ச்சி அடைப்பது, இனி இரவு முழுக்க அந்தப் பக்கம் ஃப்ளட் லைட் எரிய விடுவது என்று மூன்று வேலைகளை அடுத்த வாரத்துக்குள் முடிக்கப் போவதாக அதில் இருக்கிறது. ‘வௌவால் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று தலைப்பு. மூன்றும் தவறான வேலைகள். சேர்த்துச் செய்தால், இன்றைக்குச் சுவரில் விழும் நாலு எச்சத்துக்குப் பதிலாகச் சுவருக்குள் செத்து நாறும் குட்டிகளும், படுக்கையறைக்குள் வழி தேடிப் புகும் தாய்களும்தான் மிஞ்சும். வௌவால்களை அடித்து விரட்டாமல் வெளியேற்றுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் நாங்கள். அதனால் சுற்றிவளைக்காமல் எழுதுகிறோம்.

முதலில், அங்கே இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுற்றறிக்கையில் அச்சிட்டிருக்கும் படம் பழந்தின்னி வௌவாலுடையது. மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய இனம் அது. இடுக்குக்குள் இருப்பது அதன் பக்கத்தில் நின்றால் விரல் நுனி மாதிரி இருக்கும். துரிஞ்சில் என்று தமிழில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. எடை பெரும்பாலும் 4 முதல் 10 கிராம். சிறகு மடித்தால் தீப்பெட்டிக்குள் அடங்கும். பழத்தைத் தொடாது, அந்துப்பூச்சி, ஈசல், கொசு, சிறுவண்டு என்று பறக்கும் பூச்சிகளே அதற்கு உணவு. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விரிசல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். இறவாரம், சன்ஷேடும் சுவரும் சேரும் இடம், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், ரோலிங் ஷட்டர் பெட்டி, ஏசி குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, பெயர்ப்பலகையின் முதுகுப்புறம் என்று பகலில் வெயில் பட்டு இதமாக இருக்கும் குறுகலான இடம் எதுவும் அதற்கு ஒத்துவரும். வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்களே, இந்த இனத்தில் அந்தத் தொங்கலும் குறைவு. ஒன்றோடொன்று வயிறு ஒட்ட நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கில் செருகிக் கிடக்கும்.

எலி என்று நினைத்து மருந்து வைப்பவர்கள் உண்டு. எச்சத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டும் அரிசிமணி நீளத்தில் கறுப்பாக இருக்கும். கையுறை போட்டு, ஒரு காகிதத்தின் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். எலிப்புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி, உடையாது. வௌவால் எச்சம் பொடிப்பொடியாக உதிரும். வெளிச்சத்தில் அந்தப் பொடி மினுக்கும், ஏனென்றால் அது முழுக்கப் பூச்சிகளின் இறகும் ஓடும். எலிப்புழுக்கை அலமாரி ஓரம், சமையலறை மூலை என்று எங்கும் சிதறும். வௌவால் எச்சமோ ஓட்டைக்கு நேர் கீழே சுவரில் ஒட்டியும் தரையில் ஒரே இடத்தில் விழுந்தும் கிடக்கும். ஓட்டையின் உதட்டில் எண்ணெய் தடவினது போல ஒரு பழுப்புக் கறை இருந்தால், அதுதான் வாசல்.

‘ஒயரைக் கடித்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்’ என்று சுற்றறிக்கையில் ஒரு வரி வருகிறது. கொறிக்கும் பல் அணிலுக்கும் எலிக்கும் உண்டு, துரிஞ்சிலுக்குக் கிடையாது. அதன் பல் ஊசி போல, வண்டின் ஓட்டைத் துளைப்பதற்கு ஆனது. ஒயரையோ மரத்தையோ தெர்மோகோலையோ அது கடிக்காது, கூடு கட்ட எதையும் கொண்டுவந்து போடாது, புதிதாக ஓட்டையும் போடாது. ஏற்கெனவே கட்டிடத்தில் விட்டுப்போன ஓட்டையைத்தான் பயன்படுத்துகிறது. கொத்தனார் விட்ட குறைக்கு வௌவாலிடம் கணக்குக் கேட்கிறோம்.

உண்மையான குறைகளும் உண்டு; அவற்றை மறைப்பதில் எங்களுக்கு ஆதாயம் இல்லை. கூட்டம் பெரிதானால் சிறுநீர் வாடை அமோனியா போல ஏறும். எச்சம் ஆண்டுக்கணக்கில் குவிந்து ஈரமும் சூடும் சேர்ந்தால் அதில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். அதைக் கிளறும்போது எழும் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும். கடியும் ஆபத்துதான். அமெரிக்கக் கண்டங்களில் வௌவால்களிடம் ரேபிஸ் வைரஸே உண்டு. மற்ற இடங்களில் அதன் உறவுக்கார வைரஸ்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படி ஒன்றை 1996ல் கண்டறிந்தார்கள். அதனால் எங்கள் முதல் விதி எப்போதும் ஒன்றுதான்: வெறுங்கையால் தொடாதே. கடியோ கீறலோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வௌவாலுடன் நேரடித் தொடர்பு என்றாலே உலக சுகாதார நிறுவனம் அதை ரேபிஸ் ஆபத்தில் மிகக் கடுமையான மூன்றாம் பிரிவில் வைக்கிறது. அந்தப் பல் தடம் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. தூங்கும் குழந்தையின் அறைக்குள் வௌவால் கிடந்தால், கடித்த அடையாளம் இல்லையே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மூன்று வேலைகளுக்கு வருவோம்.

மருந்து. துரிஞ்சில் பகலில் அடிக்கடி தன் மயிரையும் சிறகையும் நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். மேலே பட்ட மருந்து அப்படியே வயிற்றுக்குப் போகும். பிரிட்டனில் கூரை மரங்களுக்கு வண்டும் பூஞ்சையும் கெடுக்காமல் இருக்க லிண்டேன், பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்துகளை அடித்த காலத்தில், அந்த மரத்தில் ஒட்டிக் கிடந்த வௌவால்கள் செத்ததைச் சோதனை செய்தே காட்டினார்கள். உடனே சாகாத வௌவால்தான் இன்னும் பெரிய தலைவலி. அது தள்ளாடிப் பகல் வெளிச்சத்தில் நடைபாதையில் விழும். அதை முதலில் பார்ப்பது விளையாடும் குழந்தையோ வீட்டுப் பூனையோதான். கூரைக்குள் தூங்கும் வௌவால் யாரையும் கடிக்காது, தரையில் துடிக்கும் வௌவாலை எடுத்தால் கடிக்கும். ரேபிஸ் பயத்தைச் சொல்லி மருந்து அடிக்கிறீர்கள். அந்த ஆபத்தைக் கைக்கெட்டும் உயரத்துக்குக் கொண்டுவருவதே அந்த மருந்துதான்.

மருந்துக்குப் பதிலாக நாப்தலின் உருண்டை என்றும் ஒரு யோசனை வந்திருப்பதாகத் தெரிகிறது. திறந்த கூரையில் வௌவாலை விரட்டும் அளவுக்கு ஆவி சேர வேண்டுமானால் கிலோக் கணக்கில் கொட்ட வேண்டும். அந்த ஆவி ஃபால்ஸ் சீலிங் வழியாக வீட்டுக்குள் இறங்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும், கடையில் விற்கும் அல்ட்ராசோனிக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 20 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100ஐத் தாண்டியும் கத்துகிற நூறு வௌவால்கள் அடைந்து கிடக்கும் இடுக்கில், அந்தப் பெட்டி இன்னொரு வௌவால் மாதிரிக் கத்தப் போகிறது, அவ்வளவுதான்.

நுரை. இதுதான் எங்களை எழுத வைத்தது. பகலில் நுரை அடித்தால் உள்ளே இருப்பவை அப்படியே அதில் ஒட்டிக்கொள்ளும். இரவில், எல்லாம் வெளியே போன பிறகு அடைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். எல்லாம் போகாது. துரிஞ்சில் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போடும், சில இனங்கள் இரண்டு. ஈனும் காலத்தில் பெண்கள் மட்டும் ஒரே இடத்தில் கூடும். கட்டிடங்களில் நாம் காணும் கூட்டங்களில் பல அப்படிப்பட்டவைதான். தாய் 6 கிராம் என்றால் பிறக்கும் குட்டியே ஏறத்தாழ ஒன்றரை கிராம் இருக்கும், தாயின் எடையில் கால்பங்கு. மயிர் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும் அது பறக்க மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். அதுவரை தாய் அதை உள்ளேயே விட்டுவிட்டு இரைக்குப் போய், நடு இரவில் பால் கொடுக்க ஒரு முறை திரும்பி வரும். அந்த வேளையில் வாசலில் நுரை இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் திறந்து பார்த்த கூரைகளில் பலமுறை கண்டிருக்கிறோம். தாய்கள் விடியும்வரை சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். திறந்த சன்னல், வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை என்று எதன் வழியாகவாவது வீட்டுக்குள் நுழையும். உள்ளே குட்டிகள் பசியில் வெளிச்சம் வரும் திசைக்குத் தவழும். அந்த வெளிச்சம் பெரும்பாலும் ட்யூப் லைட்டுக்காகச் சீலிங்கில் போட்ட ஓட்டை. அங்கிருந்து விழும். விழாதவை உள்ளேயே செத்து, இரண்டு வாரத்துக்கு வாடையும் ஈயும் வரும்.

இதோடு முடியாது. வௌவாலின் மேல் வாழும் மூட்டைப்பூச்சி ஒன்று உண்டு. படுக்கை மூட்டைப்பூச்சிக்கு நெருங்கிய சொந்தம். உருப்பெருக்கியில் பார்த்தால் மட்டும் கழுத்துப்பக்க மயிர் நீளமாகத் தெரியும். வௌவால் இருக்கும்வரை அது வௌவாலோடு இருக்கும். ஒரே நாளில் வௌவாலைக் கொன்றோ அடைத்தோ விட்டால், பசித்த பூச்சிகள் மின்குழாய் வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் கீழே இறங்கும். பிறகு அதற்கொரு சுற்றறிக்கை, இன்னொரு முறை மருந்து.

விளக்கு. வாசலில் வெளிச்சம் விழுந்தால் துரிஞ்சில் வெளியே வரத் தயங்கும். பூச்சிகள் அதிகம் பறப்பது பொழுது சாய்ந்த முதல் அரைமணி நேரத்தில். அதைத் தவறவிட்ட தாய்க்குப் பால் குறையும். ஹங்கேரியில் ஒளியூட்டிய கட்டிடங்களில் குட்டிகளின் வளர்ச்சி பின்தங்கியதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். போகாமல் உள்ளே முடங்கும் வௌவாலால் உங்களுக்கும் லாபம் இல்லை. போதாக்குறைக்கு அந்த ஃப்ளட் லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும், அதைப் பிடிக்க அக்கம்பக்கத்து வௌவால்களும் வரும். செலவு செய்து பந்தி விரிப்பது போலத்தான்.

சரியான முறை இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும், செலவு நீங்கள் ஒதுக்கியதைவிடக் கூடப் போவதில்லை. சாமான் என்று பார்த்தால் கொஞ்சம் வலை, சில துண்டுக் குழாய், சீலன்ட், ஓர் ஏணி.

எண்ணுவதில் தொடங்குங்கள். பொழுது சாய்வதற்கு 15 நிமிடம் முன்பே, சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, வாசல் வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும் கோணத்தில் உட்காருங்கள். டார்ச் அடிக்காதீர்கள். கட்டிடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். ஒரே ஆள் சுற்றிச் சுற்றி வந்தால் பாதிதான் தெரியும். முதலில் இடுக்கிலிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டையின் விளிம்பில் ஒரு மூக்கு வரும், கொஞ்சம் நடுங்கும், பின்வாங்கும். மறுபடி வரும். அப்படியே கையை விட்டுவிட்டது போல ஓரடி இரண்டடி நேராகக் கீழே விழுந்து, அந்த விழுகையில்தான் சிறகு விரியும். அதற்குள் அடுத்த மூக்கு வந்திருக்கும். இருட்டிய பின் ஒருமணி நேரம் வரை எண்ணுங்கள். இப்படி மூன்று மாலை எண்ணி, எந்தெந்த ஓட்டையிலிருந்து எத்தனை வந்தன என்று சுவரின் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வௌவால் போனபிறகு எழுந்துவிடாதீர்கள். கால்மணி நேரம் காதை வைத்துக் கேளுங்கள். பெரியவை எல்லாம் போன பின்னும் உள்ளேயிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் தொடர்ந்தால், குட்டிகள் இருக்கின்றன. அன்றைக்கு வேலை நிறுத்தம். காலண்டரை நம்ப முடியாது. குளிர்நாடுகளில் ஈனுவது கோடையின் தொடக்கத்தில், ஒரே முறை. வெப்பநாடுகளில் சில இனங்கள் ஆண்டில் இரண்டு மூன்று தடவை ஈனும். அந்தச் சத்தமும், நடு இரவில் திரும்பி வரும் தாய்களும்தான் நம்பத்தகுந்த அடையாளம். சத்தம் கேட்டால் ஆறு வாரம் தள்ளிப்போட்டு மறுபடி எண்ணுங்கள். குட்டிகளும் பறக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை திடீரென்று கூடும். அதற்குப் பிறகுதான் வலையைக் கையில் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் வௌவால் உறங்கிக் கிடக்கும் நாடுகளில் அந்த மாதங்களும் கூடாது. அப்போது அவை வெளியே வராது, வராததை வெளியேற்ற முடியாது.

வெளியேற்றும் கருவி ஒருவழி வாசல் ஒன்றுதான். சுவர் நெடுக ஓடும் நீண்ட இடுக்குக்கு வலை பொருந்தும். கண்ணளவு 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக, மெத்தென்ற பிளாஸ்டிக் வலை. இடுக்குக்கு மேலே ஓர் ஓரத்தையும், இரண்டு பக்க ஓரங்களையும் டேப்பால் ஒட்டுங்கள், கீழ் ஓரத்தைத் திறந்து விடுங்கள். இடுக்குக்குக் கீழே வலை இரண்டு அடியாவது தொங்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் வௌவால் சுவருக்கும் வலைக்கும் நடுவே இறங்க முடியாது, லேசாகத் தொய்வு வேண்டும். உள்ளிருந்து வருவது வலைக்குப் பின்னால் தவழ்ந்து கீழே இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழகிய வாசலுக்கே வந்து வலையின் மேல் மோதி நிற்கும். இரண்டடி கீழே போய் உள்ளே நுழைய அதற்குத் தோன்றாது. இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் மொத்த வேலையும்.

இங்கே புறா வலையைக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். அதன் கண்ணில் துரிஞ்சிலின் தலையும் தோளும் நுழையும், சிறகின் கட்டைவிரல் நகம் நூலில் மாட்டும். விடிந்து பார்த்தால் தொங்கிக்கொண்டிருக்கும். கையில் மிச்சமிருக்கிறதே என்று அந்த வலையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

வட்ட ஓட்டைக்கும் மூலைக்கும் குழாய் நல்லது. 5 சென்டிமீட்டர் குறுக்களவு, 25 சென்டிமீட்டர் நீளம், உட்புறம் வழவழப்பான பிவிசி. வெளி முனை கீழ்நோக்கிச் சாய வேண்டும். உள் முனை ஓட்டைக்குள் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் வௌவாலுக்கு அதன் வாய் தட்டுப்படாது. நெளிகுழாயை வைத்தால் அந்த நெளிவே ஏணியாகி, போனது அப்படியே திரும்பி ஏறி வரும். சந்தேகம் இருந்தால் வெளி முனையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றைச் செருகித் தொங்க விடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து பார்த்தால் சுருங்கிக் கிடக்கும்.

வாசல்கள் ஐந்து என்றால் ஐந்திலும் ஒரே நாளில் கட்ட வேண்டும். நான்கில் கட்டினால் ஐந்தாவது வழியாகக் குடித்தனம் தொடரும். அதற்கு முன்பே, வௌவால் பயன்படுத்தாத மற்ற ஓட்டைகளில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எதையும் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் விரட்டப்பட்ட கூட்டம் பத்தடி தள்ளி அடுத்த ஓட்டையில் குடியேறும். வலையோ குழாயோ குறைந்தது ஏழு இரவு இருக்கட்டும். மழை பெய்தாலோ, இரவில் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலோ அந்த இரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்றைக்கு அவை வெளியே வந்திருக்காது. பிறகு தொடர்ந்து இரண்டு மாலை உட்கார்ந்து எண்ணி, பூஜ்யம் என்றால் மறுநாள் பகலில் கழற்றிய கையோடு அடைத்துவிடுங்கள். கலவையோ சீலன்ட்டோ எதுவும் சரி. இரும்புக் கம்பி நாரை மட்டும் திணிக்காதீர்கள், துருப்பிடித்துச் சுவரில் ஒழுகும்.

எச்சத்தைச் சுத்தம் செய்வதிலும் ஒரு வார்த்தை. துடைப்பம் கூடாது, வீட்டு வேக்யூம் கிளீனரும் கூடாது. இரண்டுமே தூசியை மூக்குக்குக் கொண்டுவரும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, தண்ணீரைப் புகை மாதிரித் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரமாகவே வாரிப் பையில் கட்டுங்கள். ஃபேனும் ஏசியும் அந்நேரம் நிற்கட்டும். கூரைக்குள் மூட்டைக்கணக்கில் குவிந்திருந்தால் அது சுத்தம் செய்யும் ஊழியர் தலையில் கட்டும் வேலை இல்லை. முழு முகக் கவசமும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்ய வேண்டியது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: உங்கள் கட்டிடத்தில் பாதி இடங்களுக்கு வெளியேற்றமே தேவையில்லை. இருபது முப்பது துரிஞ்சில் வெளிச்சுவர் இடுக்கில் இருந்தால், உள்பக்கத்தை அடையுங்கள், வெளிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். அதாவது இடுக்குக்கும் அறைக்கும் நடுவே உள்ள ஓட்டைகள், லைட் ஃபிட்டிங்கைச் சுற்றிய வெட்டு, குழாய் வரும் துளை ஆகியவற்றை மூடினால் போதும். வௌவால் அறைக்குள் வராது, அதன் வீடும் போகாது. எச்சம் சுவரைக் கெடுக்கிறதென்றால் வாசலுக்குக் கீழே ஒரு சாய்பலகை அடியுங்கள். மூன்றடிக்குக் குறையாமல் கீழே இருக்க வேண்டும், மேலே சொன்ன அந்த விழுகைக்கு இடம் வேண்டுமல்லவா. மாதம் ஒருமுறை பலகையை நனைத்துத் துடைத்தால் ஆயிற்று.

அவற்றை விட்டுவைக்கச் சொல்வதற்குக் காரணம் கொசு என்று சொல்ல மாட்டோம். ‘ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும்’ என்று சுற்றும் கணக்கு, 1960ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையை ஊதிப் பெருக்கியது. அங்கே ஓர் அறைக்குள் கொசுவை அடைத்துவிட்டு, சில நிமிடங்களில் பிடித்ததை ஒரு மணி நேரத்துக்கான கணக்காகப் பெருக்கினார்கள். வெளியில் துரிஞ்சில் கிடைத்ததைத் தின்னும். கொசுவும் அதில் உண்டு, அந்துப்பூச்சியும் உண்டு. பாலூட்டும் தாய் ஒரே இரவில் தன் எடையில் பாதிக்கு மேல் தின்னும் என்பது அளந்து பார்த்த உண்மை. அமெரிக்காவில் 2006ல் தொடங்கிய வெள்ளை மூக்கு நோயில் வௌவால்கள் லட்சக்கணக்கில் செத்தபோது, அந்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியை 31 சதவீதம் கூட அடித்ததாக 2024ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்குச் சில குட்டிகளே போடும் உயிர் என்பதால் இழப்பு சட்டென்று ஈடாகாது. அதற்கு ஈடாக ஆயுள் நீளம். சைபீரியாவில் வளையம் மாட்டி விட்ட 7 கிராம் வௌவால் ஒன்று 41 ஆண்டு கழித்து உயிரோடு பிடிபட்டது. உங்கள் கட்டிடத்தைவிட வயதான துரிஞ்சில் உங்கள் கூரையில் இருக்கவும் கூடும்.

மாற்று வீடாக மரப்பெட்டி வைக்கலாம் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். வைக்கலாம், ஆனால் கடையில் அழகுக்கு விற்கும் சின்னப் பெட்டியால் பயனில்லை. இரண்டடி உயரம், ஒன்றேகால் அடி அகலம், உள்ளே பலகைகளுக்கு நடுவே 2 முதல் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. உட்புறம் பிடித்து ஏற வசதியாக ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் போட வேண்டும், பெயின்டோ மருந்தோ உள்ளே படக்கூடாது. கீழே திறந்திருக்க வேண்டும். கீழ் முனையிலிருந்து நாலு அங்குலமாவது பின்பலகை நீண்டு வந்தால் இறங்கிப் பிடிக்க இடம் கிடைக்கும். பதினைந்து அடி உயரத்தில், மரக்கிளை மறைக்காத சுவரில் மாட்டுங்கள். வெயில் கடுமையான இடத்தில் வெளிப்புறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். உள்ளே 40 டிகிரியைத் தாண்டினால் குட்டிகள் தாங்காது. வெளியேற்றத்துக்குப் பல வாரம் முன்பே மாட்டினால்தான் அவை அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு. கண்டுபிடிக்காமலும் போகலாம். பெட்டி வைத்துவிட்டோம் என்பதை அவசரமாக அடைப்பதற்குச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறைக்குள் ஒன்று வந்துவிட்டால் காவலாளி துடைப்பத்தோடு ஓடி வருவது இனி வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், இதுதான் முதல் வேலை. உள்கதவை மூடி, வெளிச்சன்னலை முழுக்கத் திறந்து, விளக்கை அணைத்துச் சுவரோரம் நில்லுங்கள். அறையின் இரு முனைகளிலும் திரும்பும்போது அது உயரும், நடுவில் வரும்போது தாழும். நடுவில் நிற்பவருக்கு அது தலையை நோக்கிப் பாய்வது போலத் தோன்றுவது அதனால்தான். பத்து இருபது நிமிடத்தில் போய்விடும். போகாமல் சுவரில் உட்கார்ந்துவிட்டால், யாரையும் தொடவில்லை என்பது உறுதியானால், தடித்த கையுறை போட்டு ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். பொழுது சாய்ந்ததும் மரத்திலோ சுவரிலோ ஆள் உயரத்துக்கு மேல் விடுங்கள். தரையில் வைத்தால் பலவற்றால் எழும்ப முடியாது. பூனை கவ்வியதென்றால் காயம் தெரியாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பவர்களிடமோ போக வேண்டும், பூனையின் எச்சிலே விஷமாகும்.

நாங்கள் கேட்பது இவை.

அடுத்த வாரம் குறித்திருக்கும் மருந்து, நுரை வேலையை இன்றே நிறுத்தி, சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஃப்ளட் லைட்டை வாசல்கள் இல்லாத பக்கம் திருப்புங்கள், அல்லது கீழ்நோக்கி மறைத்து மாட்டுங்கள்.

மூன்று மாலை எண்ணிக்கைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்துக்கு ஒருவராக நான்கு பேர் போதும். எப்படி எண்ணுவது என்று வந்து சொல்லித்தர நாங்கள் தயார், அதற்குக் கட்டணம் இல்லை. எண்ணிக்கையும் வாசல்களின் படமும் எல்லாக் குடியிருப்போரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும்.

குட்டிகளின் சத்தம் இருந்தால், அவை பறக்கும்வரை எந்த வாசலையும் தொட மாட்டோம் என்று தீர்மானம் எழுதுங்கள். அறைப்பக்க ஓட்டைகளை அடைக்கும் வேலையை மட்டும் இந்த வாரமே தொடங்கலாம், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டிடத்துக்குப் பொறுப்பான வனத்துறை அல்லது வனவிலங்கு அலுவலகத்தில் உங்கள் பகுதிக்கான விதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் சட்டப்படி வௌவால் இல்லாத மாதத்தில்கூட அதன் தங்குமிடத்தைக் கெடுப்பது குற்றம். உங்களுக்குப் பொருந்துவது எது என்று வேலைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பூச்சி மருந்துக் குழுவினருக்குத் தனியாக: ஒப்பந்தத்தில் ‘வௌவால் ஒழிப்பு’ என்று இருக்கும் வரியை ‘ஒருவழி வாசல் வைத்து வெளியேற்றம்’ என்று மாற்றுங்கள். வலையின் கண்ணளவு, குழாயின் அளவு, காத்திருக்கும் இரவுகளின் எண்ணிக்கை மூன்றையும் அதில் எழுதுங்கள். எழுத மறுத்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

பதிலை அதே அறிவிப்புப் பலகையில், சுற்றறிக்கையில் குறித்த நாளுக்கு முன்பே ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டிடங்களில் வௌவால் மீட்பும் வெளியேற்றமும் செய்வோர்